வலையமைப்பு அட்டையும் வேக வரம்பும்



எங்கள் பாடசாலையின் கணினிக் கூடத்தில் சில காலத்துக்கு முன் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். பாடம் தொடர்பான காணொளி ஒன்றை மாணவர்கள் இருபது கணினிகளிலும் பதித்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது கணினிகள் விரைவாக வேலையை முடித்துவிட்டன. ஒன்று மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏனையவற்றின் திரையில் இணைப்பு வேகம் 1000 என்று காணப்பட, இதன் திரையில் 100 என்றே காணப்பட்டது. பத்தாந் தர மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், அட்டையின் பெட்டியிலே ஆயிரம் என்று அச்சிட்டிருக்கிறதே, கணினி மட்டும் ஏன் நூறு என்று சொல்கிறது?" என்று கேட்டான்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்து வந்தவன். விடை எனக்குத் தெரியவில்லை என்பதை மாணவனிடம் ஒளிக்காமல் கூறினேன். மறுநாள் தொழினுட்பவியலாளர் ஒருவர் வந்து பார்த்தார். கணினியோடு பொருத்திய வடத்தின் செருகியில், எட்டுக் கம்பிகளுள் ஒன்று தொடுகையை இழந்திருந்தது. ஆயிரம் என்ற வேகத்துக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும்; நூறுக்கு இரண்டு சோடிகள் போதும். ஆகவே அட்டை தன் ஆற்றலைக் குறைத்துக்கொண்டு, இயலக்கூடிய வேகத்துக்கு இறங்கியிருந்தது. செருகியை மாற்றியதும் 1000 மீண்டது.

கோளாறு தீர்ந்தது, ஆனால் அம்மாணவனின் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. வேகத்தின் வரம்பை உண்மையிலே விதிப்பவர் யார்? அட்டையைச் செய்தவரா, வடத்தை இழுத்தவரா, அல்லது அட்டையை ஆளும் நிரலை எழுதியவரா? இக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றபோது நான் கற்றறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலிற் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியிலிருந்து செய்தியை வடத்துக்கு அனுப்புவதும், வடத்தில் வரும் செய்தியை வாங்கிக் கணினிக்குக் கொடுப்பதும் வலையமைப்பு அட்டையின் தொழில். அச்செய்தி முழுவதும் ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகளாலேயே ஆனது. அக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிற்று எனப்படும். ஒரு செக்கனில் எத்தனை பிற்றுகள் செல்ல முடியும் என்பதே பட்டையகலம். பத்து இலட்சம் பிற்றுகள் ஒரு மெகாபிற்று. ஆயிரம் மெகாபிற்றுகள் ஒரு கிகாபிற்று. மாணவன் கண்ட 100, 1000 என்பன செக்கனுக்கு இத்தனை மெகாபிற்றுகள் என்பதையே குறித்தன.

அட்டை தானாக ஒன்றையும் அறியாது. கணினியின் பணிசெயல் முறைமைக்கும் அட்டைக்கும் நடுவே நின்று, ஒன்றின் மொழியை மற்றதற்குப் பெயர்த்துச் சொல்லும் நிரல் ஒன்று உண்டு. அதனை இயக்கி என்பர். "இந்த இணைப்பை இந்த அளவுக்குமேல் அனுப்பவிடாதே" என்று நாம் கட்டளையிடும்போது, அதனை முதலில் வாங்கிப் பார்ப்பது இயக்கியே. ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்வதும் அதுவே. குளத்து மதகில் நிற்கும் காவற்காரனைப் போன்றது அதன் நிலை. நீர் எவ்வளவு வேண்டும் என்பதை வயற்காரர் சொல்லலாம். மதகு எவ்வளவு தாங்கும் என்பது காவற்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியாயின் இயக்கியின் நிரலில் எழுதப்படும் வரம்புகள் எங்கிருந்து பிறக்கின்றன? அவை மூன்று இடங்களிலிருந்து பிறக்கின்றன. எண்ணை எழுதும் பெட்டியின் அளவிலிருந்து ஒன்று. சாதனத்தின் இயல்பிலிருந்து ஒன்று. காலத்துக்குக் காலம் மாறும் சூழ்நிலையிலிருந்து ஒன்று. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, பெட்டியின் அளவு. இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் ஈதர்நெற் என்னும் இணைப்பு முறை, 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், செரொக்ஸ் கம்பனியின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று. றொபேட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் என்னும் இருவர் அதனை அமைத்தனர். அதன் வேகம் செக்கனுக்கு 3 மெகாபிற்றுக்கும் சற்றுக் குறைவு. 1983 இல் நியமமாக வகுக்கப்பட்டபோது வேகம் 10 ஆயிற்று. 1995 இல் 100. 1998 இல் 1000. 2002 இல் 10,000. 2010 இல் 40,000 மும் 100,000 மும். ஒரு தலைமுறைக் காலத்துக்குட் பத்தாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வளர்ச்சி இது.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1991 இல் தோன்றியது. அட்டையின் வேகத்தை இயக்கி பணிசெயல் முறைமைக்கு அறிவிப்பதற்கென அதிலே ஒரு படிவம் வகுக்கப்பட்டது. அப்படிவத்தில் வேகத்தை எழுதும் பெட்டிக்குப் பதினாறு பிற்றுகள் ஒதுக்கப்பட்டன. பதினாறு பிற்றுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. வேகம் மெகாபிற்றில் எழுதப்படுவதால், 65,535 மெகாபிற்று வரை அதிலே இடமிருந்தது. 10 உம் 100 உம் வழங்கிய நாளில் அது தாராளமான இடம். அதனை எழுதியவரைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை.

ஆனால் 100,000 மெகாபிற்று வரும் நாளும் வந்தது. பதினாறு பிற்றுப் பெட்டியில் 100,000 ஐ எழுத முயன்றால் என்ன நிகழும்? பெட்டி நிரம்பி வழியும். 100,000 இலிருந்து 65,536 கழிந்து, 34,464 என்ற எண்ணே பெட்டியில் எஞ்சும். ஒரு கணக்காளர், ஐந்து இலக்கங்களுக்கு மட்டுமே கட்டமுள்ள பேரேட்டில் ஆறிலக்கத் தொகையை எழுதி, முதலிலக்கத்தைக் கைவிட்டது போலாகும் இது. எழுதப்பட்ட எண் பார்வைக்கு மிக ஒழுங்காகவே இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும்.

இந்த இடரை உணர்ந்தவர்கள், 100 கிகாபிற்று நியமம் 2010 இல் வெளிவருமுன்னரே ஒரு பரிகாரம் செய்தனர். அப்படிவத்தில், பிற்காலத் தேவைக்கென முன்னையோர் வெறுமையாக விட்டிருந்த இடம் சிறிது இருந்தது. அதிலிருந்து இன்னும் பதினாறு பிற்றுகளை எடுத்து, எண்ணின் மேற்பாதியை அங்கே எழுதும்படி வகுத்தனர். பழைய பெட்டியில் எண்ணின் கீழ்ப்பாதி தங்கியது. எனவே பழைய நிரல்கள் உடைந்துபோகவில்லை. எனினும், கீழ்ப்பாதியை மட்டுமே படிக்கும் பழைய நிரலொன்று 100,000 ஐ 34,464 என்றே வாசிக்கும். இடத்தை அகலமாக்கினால் மட்டும் போதாது; அங்கே வந்து படிப்பவர்களும் புதிய வழக்கத்தைக் கற்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இதனோடொத்த மற்றொரு வேடிக்கையும் உண்டு. வேகம் இன்னதென்று தெரியாதபோது, "தெரியாது" என்பதைக் குறிக்க எதிர் ஒன்று என எழுதும் வழக்கம் நிரலாளரிடம் இருந்தது. கணினியின் முறைப்படி, எதிர் ஒன்று என்பது எல்லாப் பிற்றுகளும் ஒன்றாக அமைந்த எண். அதனையே பதினாறு பிற்றுப் பெட்டியில் நேர் எண்ணாக வாசித்தால் 65,535 என்றாகும். இதனால், வடம் செருகப்படாத அட்டைக்கும் 65,535 மெகாபிற்று வேகம் எனச் சில கருவிகள் காட்டியதுண்டு. அறியாமையைக் குறிக்க இட்ட அடையாளம், அளப்பரிய ஆற்றலாக வாசிக்கப்பட்டது!

அனுப்பும் வேகத்துக்கு நாமே வரம்பிடும் பகுதியிலும் இக்கதை நிகழ்ந்தது. லினக்ஸில் அவ்வரம்பு செக்கனுக்கு இத்தனை பைற்று என முப்பத்திரண்டு பிற்றுப் பெட்டியில் எழுதப்பட்டு வந்தது. எட்டுப் பிற்றுகள் ஒரு பைற்று. அப்பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண்ணை எட்டால் பெருக்கினால் 34 கிகாபிற்றுக்குச் சற்று அதிகமாக வரும். 40 கிகாபிற்று அட்டையை வைத்திருப்பவர், 36 என்று வரம்பிட விரும்பினாலும் அதனைச் சொல்ல அங்கே இடமில்லை. அட்டையால் இயலும், வடத்தால் இயலும். எண்ணை எழுதத்தான் இயலாது. 2013 ஆம் ஆண்டில் அறுபத்துநான்கு பிற்றுப் பெட்டிகளைப் புகுத்தி இக்குறையை நீக்கத் தொடங்கினர்.

இனி இரண்டாவது இடத்துக்கு வருவோம். அது சாதனத்தின் இயல்பு. இங்கே ஒரு குறிப்பிட்ட அட்டையை எடுத்துக்கொள்வது நலம். இன்ரெல் கம்பனியின் 82599 என்னும் சில்லைக் கொண்ட அட்டை, செக்கனுக்கு 10,000 மெகாபிற்று வேகமுடையது. அது ஒரே அட்டையாக இருந்துகொண்டே பல அட்டைகளாகத் தோற்றமளிக்க வல்லது. ஒரு பெரிய கணினியிலே பலருடைய வேலைகள் தனித்தனியாக நடைபெறும்போது, ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்நிகர் அட்டை வழங்கப்படும். லினக்ஸில் உள்ள அதன் இயக்கி அவ்வாறு 63 வரை வழங்கும்.

இப்போது ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். அக்கணினியின் ஒரு பகுதியில் மருத்துவமனையொன்றின் நோயாளர் பதிவுகள் போய்வருகின்றன. மற்றொரு பகுதியில் ஒருவர் தம் பெரிய கோப்புகளையெல்லாம் இரவு பகலாகப் பிரதி செய்கிறார். வரம்பு எதுவும் இல்லையாயின், இரண்டாமவரின் பொதிகள் வடத்தை நிறைத்து முதலாமவரை வாயிலிலே காக்கவைக்கும். ஆகவே, "இன்ன மெய்நிகர் அட்டை செக்கனுக்கு 1000 மெகாபிற்றுக்கு மேல் அனுப்பலாகாது" என நிருவாகி விதிக்கிறார். அவ்விதியை நம்பியே மற்றவர்களின் வேலை நடக்கிறது. வேக வரம்பு என்பது ஒருவரைத் தடுப்பதற்காக மட்டும் இடப்படுவதன்று; அயலவருக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதியும் அதுவே.

இவ்விதி இயக்கியிடம் வந்ததும், அது வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கிறது. அந்த இலக்கமுடைய மெய்நிகர் அட்டை உண்மையில் உள்ளதா? வடத்தில் இணைப்பு உயிரோடிருக்கிறதா? இணைப்பின் வேகம் 10,000 மெகாபிற்றுத்தானா? குறைந்தபட்ச வேகத்தை உறுதிசெய்யும்படி கேட்கப்பட்டிருக்கிறதா? அப்படியாயின் அது இச்சாதனத்தால் ஆகாது. இறுதியாக, கேட்கப்பட்ட உச்ச வேகம் 10 ஐ விடப் பெரிதாகவும் 10,000 ஐ மிஞ்சாமலும் உள்ளதா? இவற்றுள் ஒன்றில் தவறினாலும், "ஏற்கத்தகாத பெறுமானம்" என்னும் பிழையைத் திருப்பி அனுப்பிவிட்டு, எதனையும் மாற்றாமல் நின்றுவிடுகிறது.

மேலெல்லை 10,000 ஆக இருப்பதன் காரணம் வெளிப்படை. கீழெல்லை ஏன் 10 ஆக வேண்டும்? இதன் விடை சாதனத்துக்குள் இருக்கிறது. அட்டை வேகத்தை மெகாபிற்றாக நினைவில் வைப்பதில்லை. ஒரு விகிதமாக வைக்கிறது. இணைப்பின் வேகத்தை நாம் விரும்பும் வேகத்தால் வகுத்து, அவ்விகிதத்தை இயக்கி அட்டையின் பதிவகமொன்றில் எழுதுகிறது. பின்னப் பகுதிக்கு மட்டும் அதிலே பதினான்கு பிற்றுகள் உண்டு. 1000 மெகாபிற்று வேண்டுமாயின் விகிதம் 10. அதாவது, ஒரு பொதியை அனுப்ப ஒரு பங்கு நேரம் சென்றால், அடுத்த பொதிக்கு முன் ஒன்பது பங்கு நேரம் காத்திருக்க வேண்டும். 100 மெகாபிற்று வேண்டுமாயின் விகிதம் 100. 10 மெகாபிற்று வேண்டுமாயின் விகிதம் 1000. வேகம் குறையக் குறைய விகிதம் பெருகிக்கொண்டே போகும். பதிவகமோ அளவுடையது. ஆகவே எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும்; அந்தக் கோடு 10 இல் கிழிக்கப்பட்டது.

இந்த இடத்தில் பரீட்சை வினாத்தாள் திருத்திப் பழகிய என் கண்ணுக்கு ஒன்று புலப்பட்டது. அந்நிரலின் அருகே எழுதப்பட்டுள்ள குறிப்பு, வேகம் 10 இலும் குறைவாக இருத்தலாகாது என்கிறது. அக்குறிப்பின்படி 10 ஏற்கத்தக்கது. நிரலோ 10 ஐயும் தள்ளிவிடுகிறது. 11 முதலே ஏற்கிறது. "குறைவாக" என்பதற்கும் "குறைவாகவோ சமமாகவோ" என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. கணிதத்தில் ஒரு சிறு கோடு; தமிழில் ஒரு சொல். இதனால் எவருக்கும் பெருந்தீங்கு விளையாது. எனினும், மனிதன் படிக்கும் குறிப்பும் யந்திரம் படிக்கும் கட்டளையும் வேறுபடும்போது, யந்திரம் தன் கட்டளையின் வழியே செல்லும் என்பதை நாம் மறக்கலாகாது.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கே பூச்சியம் என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் உண்டு. பூச்சியம் என்று விதித்தால் வேகமே இல்லை என்று பொருளன்று. வரம்பே இல்லை என்று பொருள். ஒருவரை முற்றாக நிறுத்த எண்ணிப் பூச்சியம் இடுபவர், அவருக்கு வாயிலை அகலத் திறந்துவிட்டவராவார்.

மூன்றாவது இடம், மாறும் சூழ்நிலை. எங்கள் கணினிக் கூடத்தின் கதை இங்கேதான் மீண்டும் நினைவுக்கு வருகிறது. இணைப்பின் வேகம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. வடம் பழுதானால், அல்லது மறுமுனையிலுள்ள சாதனம் மாறினால், 10,000 என்பது 1000 ஆக இறங்கலாம். அப்போது முன்பு இட்ட வரம்பு என்னவாகும்? விகிதம் 10 என்று பதிவகத்தில் எழுதியிருக்கிறது. 10,000 இல் பத்திலொன்று 1000. ஆனால் 1000 இல் பத்திலொன்று 100 மட்டுமே. 1000 மெகாபிற்று வரை அனுப்பலாம் என்று வாக்களிக்கப்பட்டவர், எவரும் விதியை மாற்றாமலே, 100 மெகாபிற்றுக்குள் அடைபட்டுவிடுவார்.

இதனை அந்த இயக்கி எவ்வாறு கையாளுகிறது? இணைப்பு வேகம் மாறியதைக் கண்டதும், மெய்நிகர் அட்டைகளுக்கு இட்டிருந்த வரம்புகளையெல்லாம் நீக்கிவிடுகிறது. நீக்கிய செய்தியைக் கணினியின் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதுகிறது. பொய்யான வரம்பை வைத்திருப்பதிலும் வரம்பில்லை என்று கூறுவது நேர்மையானது என்பது அதன் நியாயம். அந்த நியாயம் எனக்கும் ஏற்புடையதே. ஆனால் குறிப்பேட்டை எவரும் படிக்காவிடில்? வரம்பு இன்னும் காவல் நிற்கிறது என்று நிருவாகி நம்பிக்கொண்டிருப்பார், காவலோ அகன்றுபோயிருக்கும். பின்னர் வடம் சீராகி 10,000 மீண்டாலும், நிருவாகி மீண்டும் விதிக்கும் வரை வரம்பு திரும்பி வராது. மருத்துவமனையின் பதிவுகள் மறுபடியும் வாயிலிலே காத்துநிற்கும்.

நேயர்களே, இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், தகாத எண்ணொன்று வரும்போது நிரல் மூன்று வழிகளுள் ஒன்றைப் பின்பற்றுவதைக் காணலாம். வெளிப்படையாக மறுத்துவிடுவது ஒன்று. கேட்டதைத் தன்னால் இயன்ற அளவுக்குக் குறைத்து ஏற்றுக்கொள்வது மற்றொன்று. எண்ணின் தலையை வெட்டி, எஞ்சியதை வாய்பேசாமல் எழுதிக்கொள்வது மூன்றாவது. மறுக்கும் நிரல்மீது நமக்குக் கோபம் வருகிறது. ஆயினும் அதுவே நம்மை உடனே விழிக்கச்செய்கிறது. குறைத்து ஏற்பது, குறைத்ததை நமக்குச் சொல்லுமாயின் பொறுக்கத்தக்கது. வாய்பேசாமல் வெட்டுவதே கேடு. ஏனெனில், பிழை எங்கே நிகழ்ந்தது என்பதைப் பலநாள் சென்ற பின்னரும் கண்டுபிடிக்க முடியாது.

அலகைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. லினக்ஸில் வேக வரம்பிடும் கட்டளையொன்றில், பிற்று என்று எழுதுவதற்கு ஒரு குறியீடும் பைற்று என்று எழுதுவதற்கு வேறொரு குறியீடும் உண்டு. பிற இடங்களில் "செக்கனுக்கு இத்தனை பிற்று" என்று பலர் வாசிக்கும் சுருக்கெழுத்தை, அக்கட்டளை "செக்கனுக்கு இத்தனை பைற்று" என்று கொள்கிறது. அறியாது இட்டவரின் வரம்பு எட்டு மடங்கு தளர்ந்துவிடும். எண்ணை மட்டும் சரிபார்த்து அலகைப் பாராமல் விடுவது, விலையைப் பேசிவிட்டு இறாத்தலா கிலோவா என்று கேளாமல் வீடு திரும்புவதை ஒக்கும்.

இனி, எங்கள் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். வேகத்தின் வரம்பை விதிப்பவர் யார் என்பதற்குத் தனியொருவரை விடையாகக் காட்ட இயலாது. அட்டையும் வடமும் மறுமுனையும் எண்ணின் பெட்டியும் இயக்கியை எழுதியவரின் முடிவும் சேர்ந்தே அதனை விதிக்கின்றன. இவற்றுள் மிகக் குறுகியது எதுவோ, அதுவே நாம் காணும் வேகம். பெட்டியில் அச்சிட்ட எண் ஒரு வாய்ப்பை மட்டுமே கூறுகிறது.

ஆதலால் ஒரு வரம்பைக் காணும்போது அதனைப் பழிக்குமுன், அதன் காரணத்தைத் தேடுவது நலம். அது இயற்கையின் வரம்பா, சாதனத்தின் வரம்பா, அல்லது முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் "இது போதும்" என்று எண்ணியதால் வந்த வரம்பா? முதலாவதற்கு நாம் பணிய வேண்டும். இரண்டாவதற்கு வேறு சாதனம் தேட வேண்டும். மூன்றாவதைத் திருத்தலாம். ஆனால் எது எதுவென்று பின்னால் வருபவர் அறிய வேண்டுமாயின், வரம்பை எழுதுபவர் எண்ணோடு நின்றுவிடாது, அதன் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். 10 என்று எழுதியவர், ஏன் 10 என்றும் எழுதியிருந்தால், என்னைப் போன்ற ஒருவன் பதிவகத்தின் விகிதம் வரை சென்று தேட வேண்டியிருந்திராது.

பாடசாலையிலும் நாங்கள் எத்தனையோ விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். அவற்றுட் பலவற்றின் காரணம் எழுதியவரோடே போய்விட்டது. அன்றைய நிகழ்ச்சியின் பின்னர், கணினிக் கூடத்தின் சுவரில் இருந்த விதிகளின் கீழே ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தை எழுதும்படி அம்மாணவனிடமே ஒப்படைத்தேன். இரண்டு விதிகளுக்கு அவனாலும் காரணம் காண முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவ்விரண்டையும் எடுத்துவிட்டோம்.